அன்னை நகரின் பெயரால் ஓடும் இரயில்

சென்னைக்குச் சென்று திரும்பும் நம்மவர்களுள், 'மெட்ரோவில் போனேன். மெட்ரோவில் வந்தேன்' என்று கூறாதவர் இன்று அரியர். ஏழாயிரம்பண்ணை போன்ற ஊரில் இரயில் நிலையம் கிடையாது. இரயில் ஏற வேண்டுமாயின் சாத்தூருக்குத்தான் செல்ல வேண்டும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876ஆம் ஆண்டில் அமைந்த இருப்புப் பாதையில் உள்ளது சாத்தூர். அத்தகைய கரிசற் காட்டு ஊரிலும் 'மெட்ரோ' என்னும் சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. தலைநகரில் மகன் வேலை பார்க்கிறான். மகள் கல்லூரியில் பயில்கிறாள். மருமகன் மண்ணடியில் வாணிகம் செய்கிறார். அவர்கள் வாயிலாக அச்சொல் ஊருக்குள் வந்து அமர்ந்துவிட்டது.

அதன் பொருள் யாதென வினவினால், 'பூமிக்கடியில் ஓடும் இரயில்' என்பர் பலர். 'தூரத்தை அளக்கும் மீட்டர் என்னும் சொல்லோடு தொடர்புடையது' என்பர் சிலர். 'மெட்ராஸ் என்னும் பழம்பெயரின் திரிபு' என வேடிக்கையாகக் கூறுவாரும் உளர். இம்மூன்றும் பொருந்தா. மெட்ரோ என்னும் சொல்லில் பூமியும் இல்லை, அடியும் இல்லை, இரயிலும் இல்லை, அளவும் இல்லை. அதனுள் இருப்பவள் ஒரு தாய். அத்தாய் எங்குப் பிறந்தாள், எவ்வழியே நம்மிடம் வந்தாள் என்பதை ஆராய்வது நமக்கு ஒருவகையில் கடமையுமாகும். ஏனெனில், அவள் வந்த வழியில் நம் திருமறையின் சொற்களும் நம் தமிழின் பழஞ்சொற்களும் எதிர்ப்படுகின்றன.

தாயும் நகரும்

பண்டைக் கிரேக்க மொழியில் 'மேத்தேர்' என்றால் தாய். 'போலிஸ்' என்றால் நகரம். இரண்டும் சேர்ந்து 'மேத்ரோபோலிஸ்' ஆயிற்று. அளவைக் குறிக்கும் 'மெத்ரோன்' வேறு சொல். மீட்டர் என்பது அதன் வழி வந்ததேயன்றி, நம் மெட்ரோவுக்கு உறவினர் அன்று.

மேத்தேர் என்பதை வடமொழியின் 'மாதா', பாரசீகத்தின் 'மாதர்', ஆங்கிலத்தின் 'மதர்' ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் வைப்பர் மொழிநூலார். போலிஸ் என்பதையும் அரண் சூழ்ந்த ஊரைக் குறிக்கும் வடமொழியின் 'புர்', 'புரம்' ஆகியவற்றோடு உறவுபடுத்துவர். அவ்வாறாயின், ஏழாயிரம்பண்ணைக்கு அண்டையிலுள்ள எட்டயபுரத்தின் 'புரமு'ம், மெட்ரோபாலிடன் என்பதன் 'போலு'ம் ஒரு வேரின் இரு கிளைகளே.

கிரேக்கர் எல்லாப் பெருநகரையும் தாய்நகர் என்று அழைத்தாரல்லர். ஒரு நகரத்தார் கடல் கடந்து சென்று வேறோரிடத்தில் புதிய ஊர் அமைத்தால், புறப்பட்ட நகரம் புதிய ஊருக்குத் தாய்நகர் ஆகும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்தார் சிசிலித் தீவில் சிரக்கூசு நகரை நிறுவினர். ஆகவே சிரக்கூசுக்குத் தாய் கொரிந்து. குடியேறச் செல்வோர் தாய்நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துச் சென்று புதிய ஊரின் அடுப்பை மூட்டுவது அவர்தம் வழக்கம். தாய் கொடுத்த நெருப்பு என்னும் இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக; பின்னர் அதனிடம் நாம் மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

தாய் என்பதை மூலம் எனக் கொள்ளும் வழக்கு நமக்கும் புதிதன்று. நிலத்தின் மூல ஆவணத்தைத் 'தாய்ப்பத்திரம்' என்கிறோம். உட்கடை ஊர்களைத் தன்னிடத்தே கொண்ட ஊரைத் 'தாய்க்கிராமம்' என்கிறோம். ஆயினும், ஆட்சி நடக்கும் நகரைத் தமிழர் தாயாகக் காணாமல் தலையாகக் கண்டு, 'தலைநகர்' என்றனர். அரபியர் அதனை 'ஆஸிமா' என்பர். காத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று வந்த சொல் அது. ஒருவர்க்குத் தாய், ஒருவர்க்குத் தலை, ஒருவர்க்குக் காவல். ஒரே பொருளை மூன்று இனத்தார் மூன்று கண்ணால் கண்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

உம்முல் குரா

நகரைத் தாயாகக் காணும் பார்வை அரபு மொழியில் இல்லையோ எனின், உண்டு; அதுவும் மிக உயர்ந்த இடத்தில் உண்டு. திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்து 92ஆம் வசனத்திலும், அஷ்ஷூரா அத்தியாயத்து 7ஆம் வசனத்திலும் திருமக்கா நகர் 'உம்முல் குரா' என்று குறிக்கப்படுகிறது. 'உம்மு' என்றால் தாய். 'குரா' என்பது ஊர் எனப் பொருள்படும் 'கர்யா'வின் பன்மை. ஊர்களின் தாய் என்பதே அதன் பொருள். நம் வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் பெற்றவளை 'உம்மா' என்றழைக்கும்போது, இந்த உம்முவோடு ஒத்தொலிக்கும் சொல்லையே வழங்குகின்றனர். சமுதாயம் என்னும் பொருளுடைய 'உம்மத்'தையும் இதே வேரோடு சேர்த்தே அகராதியாளர் பொருள் விரிப்பர்.

கிரேக்கரின் மேத்ரோபோலிஸும் அரபியின் உம்முல் குராவும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்று நாம் கூறவில்லை. இரண்டும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டன என்பதே போதும். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கிரேக்கத் தாய்நகர் தன் மக்களை வெளியே அனுப்பியமையால் தாயாயிற்று. திருமக்காவோ உலகின் எல்லா ஊர்களினின்றும் மக்களைத் தன்பால் அழைப்பதால் தாயாக விளங்குகிறது. ஐவேளைத் தொழுகையிலும் முகம் திரும்பும் திசை அதுவே.

இன்னொரு செய்தியும் வியப்பளிப்பது. மேத்ரோபோலிஸ் என்னும் சொல்லைக் கிறிஸ்தவத் திருச்சபையார் எடுத்துக்கொண்டு, ஒரு மாநிலத்தின் தலைமை நகரில் இருக்கும் பேராயரை 'மெத்ரோபொலித்தேஸ்' என்றனர். அந்நீண்ட பெயர் சிரியாக் மொழியில் குறுகி, அரபியில் 'முத்ரான்' ஆயிற்று. மலையாள நாட்டுச் சிரியன் கிறிஸ்தவர் தம் ஆயரை 'மெத்ரான்' என்றழைப்பதும் அச்சிரியாக் வழியே வந்ததாகும். நீண்ட கிரேக்கச் சொல்லைக் குறுக்கி வழங்கும் வேலையைப் பாரிஸ் நகரத்தார்க்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கீழை நாட்டார் செய்து முடித்திருந்தனர்! நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் வழங்கும் மெத்ரானும், சென்னையில் ஓடும் மெட்ரோவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இலண்டனில் ஏறி, பாரிசில் குறுகியது

இனி இச்சொல் இரயிலில் ஏறிய வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரின் தெருக்கள் குதிரை வண்டிகளால் நெரிந்து கிடந்தன. வெளியூர் இரயில்கள் நகரின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. நிலையங்களை இணைத்துத் தெருவின் அடியே இருப்புப் பாதை அமைக்கலாம் என இடைவிடாது வாதாடியவர் சார்ல்ஸ் பியர்சன் என்பவர். பாதை முடியுந் தறுவாயில், 1862இல் அவர் காலமானார். 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவுக்கு, உலகின் முதல் நிலத்தடி நகர இரயில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முதல் நாளிலேயே சுமார் 38,000 பேர் பயணம் செய்தனர். தெருவைத் தோண்டி, பாதை அமைத்து, மேலே வளைவு கட்டி மூடியதால் உண்டான பள்ளம் அது. உள்ளே ஓடியது நீராவி எஞ்சின். புகையும் கந்தக நெடியும் பயணிகளைத் திணறடித்தன. கந்தக நெடி எத்தகையதென்று சிவகாசி வட்டாரத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்நிறுவனத்தின் பெயர் மெட்ரோபாலிடன் இரயில்வே. 'தலைமாநகருக்குரிய இரயில்வே' என்பதற்கு மேல் அப்பெயரில் பொருள் ஏதுமில்லை. இலண்டன் மக்கள் அதை மெட்ரோ என்று அழைக்கவும் இல்லை. 'அண்டர்கிரவுண்ட்' என்றனர். பின்னர் 1890இல் மின்சாரத்தால் இயங்கும் ஆழ்குழாய்ப் பாதை வந்தபின் 'டியூப்', அதாவது குழாய் என்றனர்.

குறுக்கிய பெருமை பாரிசுக்கு உரியது. 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கையில், ஜூலை 19 அன்று அந்நகரின் முதற் பாதை திறக்கப்பட்டது. அதனைச் சமைத்த பொறியாளர் புல்ஜான்ஸ் பியன்வெனூ. இரயில் விபத்தொன்றில் ஒரு கையை இழந்தவர். இயக்கிய நிறுவனத்தின் பெயரில் 'மெத்ரோபொலித்தேன்' என்னும் சொல் இருந்தது. நிலைய வாயில்களில் எக்தோர் கிமார் என்னும் கலைஞர் அமைத்த இரும்பு வளைவுகளில் அந்நீண்ட பெயரை இன்றும் காணலாம். அவசரமாகப் படியிறங்கும் மக்களுக்கு அவ்வளவு நீளம் எதற்கு? 'மெத்ரோ' என்று வெட்டிக்கொண்டனர். 'தாயின்' என்னும் பகுதி நின்றது, 'நகர்' உதிர்ந்தது. அந்த அரைச் சொல்லே மாட்ரிட் (1919), மாஸ்கோ (1935) என நாடு நாடாகச் சென்றது.

பிரெஞ்சு மொழியில் இச்சொல்லின் இன்னொரு வடிவத்தைப் புதுவை, காரைக்கால் பகுதியினர் நன்கறிவர். குடியேற்ற நாடுகளை நோக்கிப் பிரான்சு தன்னை 'மெத்ரோபோல்' என்று அழைத்துக்கொண்டது. அல்ஜீரியாவுக்கும் அதுவே தாய். காரைக்காலுக்கும் அதுவே தாய்! கொரிந்து தன் வயிற்றுப் பிள்ளைகளுக்குத் தாயாயிற்று. இதுவோ பிறர் பிள்ளைகளைப் பற்றிக்கொண்டு தன்னைத் தாய் எனச் சொல்லிக்கொண்ட கூத்து. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் ஆட்சி இந்திய அரசிடம் வந்தது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஏழாயிரம்பண்ணை மண்ணும் இத்தகைய கொடுமைக்குத் தப்பியதன்று. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின்னர், கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. தாய் என்னும் பெயரைச் சூட்டிக்கொள்வது எளிது. தாயாக நடப்பது அரிது என்பதற்கு இவை சான்று.

சுரங்கத்தின் சொற்கள்

எல்லா நாட்டாரும் மெட்ரோ என்னும் சொல்லை ஏற்றாரல்லர். புடாபெஸ்டு நகரத்தார் 1896இல் திறந்த பாதையைத் தம் மொழியில் 'நிலத்தின் அடி' என்றே அழைத்தனர். 1927இல் தோக்கியோவில் ஓடத் தொடங்கியதை ஜப்பானியர் 'நிலத்தடி இரும்பு' எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். முஸ்லிம் நாடுகளுள் இத்துறையில் முதல்வர் துருக்கியர். இஸ்தான்பூலில் கலத்தாவையும் பேராக் குன்றையும் இணைத்து, 1875 ஜனவரி 17 அன்று திறக்கப்பட்ட சுரங்க இரயில், இலண்டனுக்கு அடுத்தபடி உலகில் இரண்டாவது. உஸ்மானியப் பேரரசின் காலத்தில், பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரின் முயற்சியால் அமைந்த அதன் நீளம் 573 மீட்டரே. 'துய்னெல்', அதாவது சுரங்கம் என்பதே இன்றளவும் அதன் பெயர்.

கெய்ரோ நகரத்தார் 1987இல் இரண்டையும் சேர்த்துக்கொண்டனர். 'மெத்ரோ அல்அன்பாக்' என்பது அவர்தம் வழக்கு. சுரங்கங்களின் மெட்ரோ என்று பொருள். அன்பாக் என்பதன் ஒருமை 'நஃபக்'. இச்சொல் அல்அன்ஆம் அத்தியாயத்து 35ஆம் வசனத்தில் பூமியினுள் செல்லும் சுரங்கத்தைக் குறித்து வருகிறது. அரபு அகராதியாளர் கூறும் ஒரு விளக்கம் இங்குச் சிந்தித்தற்குரியது. பாலைவனத்து எலி வகையொன்று தன் வளைக்கு இரு வாயில் அமைக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று மெல்லிய மண்ணால் மூடிக் கிடக்கும். ஒரு வாயிலில் பகைவன் வந்தால் மறுவாயிலை முட்டித் திறந்து ஓடிவிடும். அந்த மறைவாயிலுக்குப் பெயர் 'நாஃபிகா'. ஒரு வாயிலால் மார்க்கத்தில் நுழைந்து, மறுவாயிலால் வெளியேறுபவனுக்கு 'முனாஃபிக்' என்னும் பெயர் அமைந்தது இதனாலேயே என்பர். நாம் நயவஞ்சகன் என்று மொழிபெயர்க்கும் சொல்லின் உள்ளே ஒரு சுரங்கம் இருக்கிறது. இரு வாயில் உடைமை இரயிலுக்கு அழகு; இதயத்துக்கு அழகன்று.

திருமக்காவில் நடந்ததோ இன்னும் சுவையானது. 2010ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது அரபாத், முஸ்தலிபா, மினா ஆகிய தலங்களை இணைத்து ஓடத் தொடங்கிய இரயிலை வெளிநாட்டார் மெட்ரோ என்கின்றனர். அரபியரோ 'கிதாருல் மஷாயிர்' என்பர். 'கிதார்' என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணித்து நடத்திச் செல்லும் ஒட்டக வரிசை. இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பிய ஹிஜாஸ் இரயில்வே, 1908இல் மதீனாவை அடைந்த நாள்தொட்டு இரும்புப் பாதை அந்நாட்டார்க்குப் புதிதன்று. புதிய பொருளுக்குப் பாலைவனத்தின் பழைய சொல்லே போதுமானதாயிற்று. ஊர்களின் தாயாகிய நகரில், தாயின் பெயர் கொண்ட கிரேக்கச் சொல்லுக்குத் தேவை ஏற்படவில்லை!

தமிழ் செய்தது யாது?

நம் தமிழகத்தில், மேல்நாட்டு நிலத்தடி இரயிலைப் பற்றி எழுதியோர் 'பாதாள இரயில்' என்றும் 'சுரங்க இரயில்' என்றும் எழுதினர். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கருவியைப் 'பாதாளக் கரண்டி' என்னும் மக்களுக்குப் பாதாளம் அச்சந்தரும் சொல்லன்று. வங்காளியரும் கல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் நிலத்தடி இரயில் ஓடத் தொடங்கியபோது அதனைப் 'பாத்தாள் ரேல்' என்றே அழைத்தனர்.

'சுரங்க இரயில் தூய தமிழ். மெட்ரோ அந்நியம்' என வாதிடுவோர் ஒன்று கருத வேண்டும். சுரங்கம் என்பதற்கு மூலமாகிய வடமொழிச் 'சுருங்கா', கிரேக்கச் 'சிரிங்ஸ்' என்பதினின்று வந்தது என ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். சிரிங்ஸ் என்றால் குழல். மருத்துவர் கையிலுள்ள 'சிரிஞ்சு'ம் அதன் வழித்தோன்றலே. இலண்டன் மக்கள் தம் இரயிலைக் குழாய் என்றழைத்தமைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கிரேக்கர் நிலத்தடி வழியைக் குழல் என்றழைத்திருந்தனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரைக் கோட்டையினுள் யானைக் கூட்டம் பெயர்ந்து செல்லும் வழியைக் குறிக்கச் 'சுருங்கை' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. யவனர் சொல் இளங்கோவடிகளின் நாவில் தமிழாகிவிட்டது. அதனை அந்நியம் என்பார் யாருளர்? ஆகவே சென்னையின் நிலத்தடியில் செல்பவர் மெட்ரோ என்றாலும் சுரங்க இரயில் என்றாலும், இரு வழியும் சென்று சேருமிடம் கிரேக்கமே.

பின் ஏன் பாதாளமும் சுரங்கமும் தோற்று, மெட்ரோ வென்றது? இதற்கு விடை சென்னையின் வரலாற்றிலேயே உண்டு. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தூண்களின் மேல் ஓடிய இரயிலைக் கண்ட சென்னை மக்கள், எந்தப் புலவரையும் கேளாமல் 'பறக்கும் இரயில்' என்று பெயரிட்டனர். அழகிய பெயர், இன்றும் நிலைத்திருக்கிறது. 2007இல் சென்னை மெட்ரோ இரயில் நிறுவனம் அமைந்தது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடிய அதன் முதற் பாதை நிலத்துக்கு மேலேயே இருந்தது. திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை நிலத்தடிப் பாதை திறக்கப்பட்டது 2017 மே 14 அன்றுதான். முதலில் மேலே ஓடியதைப் பாதாளம் என்பது எங்ஙனம்? பின்னர்க் கீழே சென்றதைப் பறக்கும் இரயில் என்பதுதான் எங்ஙனம்? மேலும் கீழும் ஓடும் ஒன்றுக்கு, மேல் என்றும் கீழ் என்றும் கூறாத ஒரு பெயர் தேவைப்பட்டது. மெட்ரோ அவ்விடத்தை நிரப்பியது. சிங்கப்பூரில் 1987இல் தொடங்கிய இத்தகைய இரயிலைத் தமிழில் 'பெருவிரைவு ரயில்' என்று எழுதுகின்றனர். அதுவும் மேல் கீழ் பாராமல், விரைவைக் கொண்டு அமைந்த நற்பெயரே.

2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நிலத்தடிப் பாதையில் நம்மவர் மகிழத்தக்க இரு நிலையங்கள் உள்ளன. ஒன்று ஆயிரம் விளக்கு. ஆர்க்காட்டு நவாபு குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மண்டபத்தில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்டதால் அப்பகுதிக்கு அப்பெயர் என்பர். இன்று பள்ளிவாசல் விளங்கும் அவ்விடத்தின் பெயர், பூமிக்கடியிலும் ஒளிர்கிறது. மற்றொன்று மண்ணடி. தென் மாவட்டத்து முஸ்லிம் வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் பகுதி அது. மண்ணடி நிலையம் மண்ணுக்கடியில் அமைந்ததைக் காட்டிலும் பொருத்தமான பெயர் உலகில் எந்த நிலத்தடி நிலையத்துக்கும் வாய்த்திராது!

சொல்லும் சமுதாயமும்

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் பயன் யாது? நம் குடும்பங்களில் வழங்கும் தமிழைப் பார்த்து, 'இதில் அரபு கலந்திருக்கிறதே, இது தமிழா?' என்று வினவுவாரை நாம் அவ்வப்போது சந்திக்கிறோம். நம் இளைஞருள் சிலர் அவ்வினாவுக்கு நாணி, வீட்டுச் சொற்களை வெளியில் மறைக்கின்றனர். வேறு சிலர் எதிர்ப்புறம் சென்று, நல்ல தமிழ்ச் சொல் இருக்கவும் அதனைக் கைவிடுகின்றனர். இருசாராரும் தம் முன்னோரின் நுண்ணறிவை அறியாதவரே.

ஸலாத்தை நம் முன்னோர் 'தொழுகை' என்றனர். ஸவ்மை 'நோன்பு' என்றனர். சமணரும் பௌத்தரும் தம் உறைவிடத்துக்கு வழங்கிய 'பள்ளி'யை ஏற்று மஸ்ஜிதைப் 'பள்ளிவாசல்' என்றனர். வடபுலத்து முஸ்லிம்கள் பாரசீக வழியே நமாஸ் என்றும் ரோஸா என்றும் கூறுகையில், தமிழ் முஸ்லிம் தமிழாலேயே இறைவனை வணங்கும் செயலைச் சொன்னான். அதே முன்னோர் 'ஸலாம்', 'துஆ', 'ஜும்ஆ' ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டனர். பொருள் முழுதும் தமிழில் அடங்கும் இடத்தில் மொழிபெயர்த்தனர். அடங்காத இடத்தில் மூலத்தைப் போற்றினர். சென்னை மக்கள் 'பறக்கும் இரயில்' என ஒன்றுக்குத் தாமே பெயரிட்டு, மற்றொன்றை 'மெட்ரோ' என ஏற்றதும் இதே முறைதான். நாம் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை நாடு இன்று செய்கிறது. இதில் நாணுதற்கு யாதுளது? யவனச் சுருங்கைக்கு மதுரைக் கோட்டையில் இடமளித்த தமிழ், உம்மாவுக்கும் துஆவுக்கும் இடமளிக்க மறுக்குமோ?

சொல்லைப் பற்றிய கடன் இவ்வாறு தீர்ந்தது. பொருளைப் பற்றிய கடன் ஒன்று எஞ்சியிருக்கிறது. மெட்ரோ என்றால் தாயினது என்று பொருள் கண்டோம். தாய் என்பவள் பெறுபவள் மட்டுமல்லள், கொடுப்பவள். கிரேக்கத் தாய்நகர் தன் பிள்ளை ஊருக்கு நெருப்பைக் கொடுத்தனுப்பியது. நம் வட்டாரத்திலோ இது தலைகீழாக நடக்கிறது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் சிவகாசி திரும்பினர். பின்னாளில் நாட்டின் முதல் நிலத்தடி இரயில் எங்கு ஓடியதோ, அந்நகரிலிருந்தே நம் வட்டாரத்துக்கு நெருப்பு வந்தது. அதன்பின் சிவகாசி, சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, கோவில்பட்டி எனப் பரவிய அத்தொழில், இந்தியாவின் பெருநகரங்களுக்கெல்லாம் அடுப்பு மூட்டத் தீக்குச்சியும் திருநாள் கொண்டாடப் பட்டாசும் கொடுத்து வருகிறது. சிற்றூர் தாயாகிவிட்டது, பெருநகர் பிள்ளையாகிவிட்டது.

அந்நெருப்புக்கு இவ்வூர் மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்கு அண்மையிலுள்ள அச்சங்குளத்தில், பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் இருபதுக்கும் குறையாத உயிர்கள் மாண்டன. அன்றாடக் கூலிக்கு வேதிப்பொருளைக் கையாண்ட ஏழைகள் அவர்கள். ஒரு நகரின் மக்கள் விரைவாகச் செல்வதற்காகப் பூமியைக் குடைந்து, பாதுகாப்பு விதிகளும் அவசர வாயில்களும் காற்றோட்டக் கருவிகளும் அமைக்க அரசுக்கும் அறிவியலுக்கும் இயல்கிறது. அந்நகரின் திருநாளுக்கு ஒளி செய்வோரின் கொட்டகையில் அதே கவனத்தை வைக்க இயலாதா? 'தாயின் இரயில்' என்று பெயர் சூட்டிக்கொண்ட நகரங்கள் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

கிழக்கிந்தியக் கும்பினியும் பிரெஞ்சு மெத்ரோபோலும் எடுத்துக்கொள்வதையே தாய்மை எனக் கருதிச் சென்றன. அவற்றின் பெயர் வரலாற்றில் எவ்வாறு நிற்கிறது என்பதை நாம் அறிவோம். உம்முல் குரா என்னும் பெயர் இன்றும் அன்போடு உச்சரிக்கப்படுவதன் காரணம், அங்கு அரசனும் ஏழையும் ஒரே தைக்கப்படாத ஆடையில், ஒரே வரிசையில் நிற்கின்றனர் என்பதே. அந்தச் சமநிலையே தாய்மையின் அடையாளம்.

நம் பிள்ளைகள் மண்ணடியிலோ ஆயிரம் விளக்கிலோ படியிறங்கி இரயில் ஏறும்போது, தாம் உச்சரிக்கும் சொல்லில் ஒரு தாய் இருக்கிறாள் என்பதை நினைப்பார்களாக. ஊரில் அவர்களுக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் உம்மாவையும், தீக்குச்சி அடுக்கிய கைகளையும் அச்சொல் நினைவூட்டுமாயின், ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து அது நம்மிடம் வந்து சேர்ந்தது வீண்போகவில்லை. அந்தக் கைகளை வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.